'ஹோம்' இல்லீங்க... வீடு!

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். இங்கிலீஷ்ல 'ஹோம்'னா என்ன? வீடு! எல்.கே.ஜி. வாண்டுகூட சொல்லிடும். இப்போ அதே 'ஹோம்'ஐ ஒரு தமிழ் வாக்கியத்துல போட்டுச் சொல்லுங்க பார்ப்போம்.

'தாத்தாவை ஹோம்ல விட்டுட்டாங்க.' 'அந்தப் பொண்ணை ஏதாவது ஹோம்ல சேர்த்துடலாம்.'

பார்த்தீங்களா? இங்கிலீஷ்ல வீடா இருந்த வார்த்தை, நம்ம வாயில வந்ததும் 'வீடு இல்லாத இடம்'னு ஆகிடுது.

எனக்கு இது உறைச்சது போன தை மாசம். அருப்புக்கோட்டையில எங்க பாட்டி இறந்துட்டாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பந்தி இலைகூட இன்னும் எடுக்கலை. திண்ணையில அப்பா, சித்தப்பா, பெரிய அத்தை மூணு பேரும் உட்கார்ந்து பேசினது ஒரே விஷயம்தான். 'சின்னவளை என்ன பண்றது?'

சின்ன அத்தைக்கு 47 வயசு. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. வாசல் தெளிப்பாங்க, பூ கட்டுவாங்க, பால்காரர் எத்தனை நாள் வந்தார்னு காலண்டர்ல கோடு போட்டு வச்சிருப்பாங்க. ரூபாய் நோட்டு எண்ணத் தெரியாது. தனியா பஸ் ஏறினதில்லை. இத்தனை வருஷமா அவங்களுக்கு எல்லாமே பாட்டிதான்.

'நல்ல ஹோமா பார்த்துச் சேர்த்துடலாம்' என்று பத்தே நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. 'நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே... நெட்ல தேடி நாலு அட்ரஸ் எடுத்துக் குடு' என்று அப்பா அந்த வேலையை என் தலையில் கட்டிட்டார். இதெல்லாம் நடக்கும்போது அத்தை எங்கே இருந்தாங்க தெரியுமா? எங்களுக்கு மூணடி தள்ளி. பூ கட்டிக்கிட்டு.

நானும் தேடினேன். தேடினப்போதான் ஒரு புதுத் தகவல் கிடைச்சது. 'ஹோம்' இல்லாம வேற ஒரு வழியும் இருக்கு. நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரு சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் இருப்பாங்க. கூட உதவிக்கு ஒருத்தர். அவ்வளவுதான். கேட்டில் போர்டு கிடையாது. வாட்ச்மேன் கிடையாது.

சென்னையில் 'தி பேனியன்' அமைப்பு 2015-ல இந்த முறையை 'ஹோம் அகெய்ன்' என்ற பேரில் ஆரம்பிச்சிருக்கு. மனநலப் பிரச்னையால் வருஷக்கணக்கில் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் இருந்து, திரும்பிப் போக குடும்பம் இல்லாதவங்களுக்காக. உலக சுகாதார நிறுவனம் 2021-ல வெளியிட்ட வழிகாட்டியில், உலகம் முழுக்க உள்ள நல்ல முயற்சிகளில் ஒண்ணா இதையும் சேர்த்திருக்காங்க. இன்னொரு விஷயம்... வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ரெண்டு பேரும் 1993-ல தி பேனியனை ஆரம்பிச்சப்போ, அவங்க இருபதுகளில் இருந்த பொண்ணுங்க. நாம அந்த வயசுல ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையே சீனியர்கிட்ட காப்பியடிச்சுக்கிட்டு இருக்கோம் பாஸ்!

இதே முறையில் நடக்கிற ஒரு வீட்டைப் பார்க்க அனுமதி கிடைச்சது. கோவளம் பக்கம். 'ஒரு ஊருக்குப் போய் எழுதணும் சார், கோவளம்' என்று எடிட்டரிடம் சொன்னதும், 'சர்ஃபிங்கா?' என்றார். தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவிட்டுக் கிளம்பிட்டேன்.

முட்டுக்காடு தாண்டி...

திருவான்மியூரில் பஸ் ஏறினா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜன்னலோர சீட்டுக்கு சொத்தையே எழுதி வைக்கலாம். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டினு வரிசையா பங்களாக்கள். அப்புறம் திடீர்னு சவுக்கு, திடீர்னு காத்து. முட்டுக்காட்டில் 'தட்சிணசித்ரா' வாசலில் காலேஜ் பஸ் ஒண்ணு நின்னுட்டு இருந்துச்சு. 1996-ல திறந்த மியூசியம். செட்டிநாட்டு வீடு, கேரளத்து வீடுனு பழைய வீடுகளை அந்தந்த ஊரில் பிரிச்சு எடுத்து வந்து இங்கே திரும்ப நிறுத்தியிருக்காங்க. செகண்ட் இயர்ல நாங்களும் போனோம். நான் சிவில் படிக்கிறேன். தூண், உத்தரம், ஓடு எல்லாத்தையும் ஸ்கெட்ச் போட்டோம். எல்லாமே அழகான வீடுகள். ஒரு அடுப்பிலும் பால் பொங்காது, அவ்வளவுதான்.

படகுக் குழாம், கழிமுகத்துப் பாலம் தாண்டி கோவளத்தில் இறங்கினேன். தர்கா, சர்ச், கடற்கரை, சர்ஃப் போர்டைத் தலையில் வச்சுக்கிட்டுப் போற மீனவர் குப்பத்துப் பசங்க. அதுல இருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் அந்த வீடு. எந்தத் தெரு, நடத்துறது யார், இருக்கிறவங்க பேர் என்ன... எதுவும் எழுத மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டுதான் போனேன். உங்க வீட்டு விலாசத்தை யாராவது புத்தகத்தில் போட்டா உங்களுக்குப் பிடிக்குமா?

அதனால இங்கே ஆட்களை அவங்க காபி குடிக்கிற பாத்திரத்தை வச்சுதான் சொல்லப் போறேன். நாலு பேர், நாலு பாத்திரம். பித்தளை டபரா பாட்டி. எவர்சில்வர் டம்ளர் அம்மா. நீலக் கப் அக்கா. பொம்மை போட்ட கப் அக்கா. கூட இருந்து உதவுறவர் அதே ஊர்க்காரர். அவரை 'உதவி அக்கா'ன்னு வச்சுக்குவோம். அவருக்கும் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கு.

நான் வாங்கின பல்பு

காலிங்பெல் அடிச்சதும் ஓடி வந்த உதவி அக்கா கதவைத் திறக்கலை. ஜன்னல் வழியா, 'இருங்க பாப்பா, அவங்க வருவாங்க' என்றார். ரெண்டு நிமிஷம் கழிச்சு டபரா பாட்டி மெதுவா நடந்து வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, யாரு என்னனு விசாரிச்சுட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தார். 'அவங்க வீட்டுக் கதவை நான் ஏன் திறக்கணும்?' என்றார் உதவி அக்கா.

அப்போவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும். ம்ஹூம்! ரிப்போர்ட்டர் கெத்தோடு நேரா உள்ளே போய், ஒரு ரூமுக்குள் தலையை நீட்டி, 'வாவ்'னு செல்போனில் போட்டோ எடுக்கப் போனேன். கட்டிலில் துணி மடிச்சுக்கிட்டு இருந்த நீலக் கப் அக்கா எழுந்து வந்தார். கத்தலை. 'கேட்டுட்டு வரணும்' என்று மட்டும் சொல்லிட்டு, என் மூக்குக்கு நேரா கதவைச் சாத்திட்டார்.

மூஞ்சி சிவந்துபோச்சு எனக்கு. உதவி அக்கா மட்டும் சிரிச்சுட்டே சொன்னார்: 'சந்தோஷப்படு பாப்பா. இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, கக்கூஸ் போகக்கூட என்கிட்ட வந்து கையைத் தூக்கி நின்னவங்க அவங்க.'

கதையைக் கேட்டேன். நீலக் கப் அக்கா பதினோரு வருஷம் ஒரு பெரிய காப்பகத்தில் இருந்தவர். அங்கே எழுந்திரிக்க மணி, சாப்பிட மணி, படுக்க மணி. இங்கே வந்து முதல் ரெண்டு மாசம், பன்னிரண்டரை ஆனா தட்டைத் தூக்கிட்டு சமையல்கட்டு வாசலில் தனி ஆளா வரிசையில் நிப்பாராம். பின்னாடி யாருமே இல்லாத க்யூ! 'நீங்களே போட்டுக்கங்க'ன்னு சொன்னா பயந்துடுவார். அப்புறம் என்னதான் பண்ணீங்க? 'ஒண்ணும் பண்ணலை. எனக்கு நானே போட்டுக்கிட்டு தரையில உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சேன். தினம் பார்த்தாங்க. ஒருநாள் அவங்களும் கரண்டியை எடுத்தாங்க.'

முக்கால் மணி நேர ரசம்

அன்னிக்கு சமையல் டம்ளர் அம்மா. ரசம். புளி கரைக்கவே கால் மணி நேரம் ஆச்சு. நடுவுல மிளகை எங்கே வச்சோம்னு மறந்து, டப்பா டப்பாவா திறந்து பார்க்கிறார். மிளகு டப்பா என் கண் முன்னாடியே இருக்கு. எடுத்துக் குடுக்கலாம்னு கை போச்சு. உதவி அக்கா கண்ணாலேயே அடக்கிட்டார்.

'நான் பண்ணினா பத்து நிமிஷம். அவங்க பண்ணினா முக்கால் மணி நேரம். ஆனா நான் சமைக்கிறதுக்கு சம்பளம் வாங்கலையே பாப்பா. காத்துட்டு இருக்கத்தான் வாங்குறேன்.'

மீன் வாங்குறதும் அப்படித்தான். போன மாசம் பொம்மைக் கப் அக்கா தனியா போய் நெத்திலி வாங்கிட்டு வந்தாராம். பாதிக்கு மேல கெட்டுப் போனது. அவருக்கும் எங்க அத்தை மாதிரியே அறிவுசார் குறைபாடு. 'நீங்க கூடப் போயிருக்கலாமே?' என்று கேட்டேன். 'போயிருக்கலாம். ஆனா நானும்தான் எத்தனையோ வாட்டி ஏமாந்திருக்கேன். அதுக்காக என்னை மார்க்கெட்டுக்கே போகாதேன்னு யாரும் சொல்லலையே' என்றார். அடுத்த வாரம் அக்கா அதே கடைக்குப் போய், செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லித்தான் சங்கரா வாங்கியிருக்கார்!

எல்லாமே இனிப்பா இருக்குனு நினைச்சுடாதீங்க. டிவி ரிமோட்டுக்கு அங்கே நடக்கிற சண்டை நம்ம ஹாஸ்டலைத் தூக்கிச் சாப்பிட்டுடும். டம்ளர் அம்மாவுக்கு சில ராத்திரி யாரோ பேசற மாதிரி கேட்கும். மொட்டை மாடிக்குப் போய் பதில் பேசுவார். மாத்திரை டப்பாவில் கிழமை வாரியா அவரே போட்டு வச்சுக்கிறார். உதவி அக்கா ஞாபகம் மட்டும்தான் படுத்துவார். சில நாள் 'வேணாம்'னு தள்ளிடுவார். அப்போ உட்கார்ந்து பேசணும், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். உதவி அக்காவுக்குத் தூக்கம் போயிடும்.

வாடகைக்கு வீடு கிடைக்கிறதும் பெரும்பாடு. 'நல்ல மனசுதான் உங்களுக்கு, ஆனா எங்க வீடு வேணாம்'னு சொன்ன ஓனர்கள் நிறைய. குடி வந்த புதுசுல பக்கத்து வீட்டுக்காரங்க பிள்ளைங்களை இந்தப் பக்கம் விட மாட்டாங்களாம். இப்போ? நான் இருக்கும்போதே சுவருக்கு மேலால ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு வந்துச்சு. பதிலுக்கு முக்கால் மணி நேர ரசம் போச்சு.

படியும் பாட்டியும்

சிவில் ஸ்டூடன்ட் புத்தி சும்மா இருக்குமா? வாசலை அளந்தேன். தெருவிலிருந்து வாசல் ஒரு அடி உயரம். சரிவுப் பாதைக்குக் கணக்கு ஒண்ணுக்குப் பன்னிரண்டு. அதாவது ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேணும். தெருவே அவ்வளவு அகலம் இல்லை. டபரா பாட்டிக்கு ஒரு கால் சரியா ஊன்ற வராது. என்ன பண்ணியிருக்காங்கன்னு பார்த்தேன். இருக்கிற படிகளுக்கு நடுவே செங்கல் வச்சு அரைப்படி, கைக்குப் பிடிக்க ஒரு குழாய். பாத்ரூமிலும் அதே குழாய். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். மொத்தமும் லோக்கல் கொத்தனாரின் ஒரு நாள் வேலை.

'குழாயை எந்த உயரத்துல வைக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?' என்று டெக்னிக்கலா கேட்டேன். டபரா பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... 'என்னைக் கேட்டாங்க' என்றார்.

மூணு வருஷமா எத்தனையோ கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டிருக்கோம். செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டைனு அசராம சொல்வேன். அதுல குடியிருக்கப் போறவங்களை ஒரு வார்த்தை கேட்டதா ஞாபகமே இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

திரும்பி வந்து சட்டத்தைப் புரட்டினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதுல 5-வது பிரிவு: மாற்றுத்திறனாளிகளுக்கு சமூகத்தோடு சேர்ந்து வாழ உரிமை உண்டு, இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கணும்கிற கட்டாயம் அவங்களுக்கு இல்லாம பார்த்துக்க அரசு முயற்சி செய்யணும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதுல 19-வது பிரிவு: குடும்பம் இல்லை, குடும்பம் ஏத்துக்கலை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருத்தரை மனநல நிலையத்திலேயே வச்சிருக்கக் கூடாது.

இந்த வரிகளுக்குப் பின்னாடி பெரிய வலி இருக்கு ஃப்ரெண்ட்ஸ். 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலப் பிரச்னை உள்ளவங்களைத் தங்க வச்சிருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடிச்சப்போ, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்துப்போனாங்க. நம்மில் பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. அவங்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களும் 'நல்ல இடம்'னு நம்பித்தான் விட்டிருப்பாங்க. எங்க அப்பா மாதிரி.

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் கோவளத்து வீடு கிடைச்சுடாது, எனக்கும் தெரியும். அக்கறையா நடத்துற பெரிய காப்பகங்களும் இருக்கு. ஆனா இந்த முறைக்கு மார்பிள் தரையும் மெஷினும் தேவையில்லை. ஒரு வாடகை வீடு, பொறுமையான ஒரு ஆள், கூப்பிட்டா வர்ற டாக்டர், குழம்பு குடுக்கிற பக்கத்து வீடு. இதுல எது நம்ம ஊர்ல கிடைக்காது?

ஒரு 'ங்க'

கிளம்பும்போதுதான் ஒண்ணு கவனிச்சேன். காலையிலிருந்து உதவி அக்கா அந்த நாலு பேரில் யாரையும் 'வா, போ'ன்னு பேசலை. தன்னைவிடச் சின்னவரான பொம்மைக் கப் அக்காவைக்கூட 'வாங்க, சாப்டீங்களா'தான். கோபத்திலும் 'ரிமோட்டைக் குடுங்க'தான்!

பஸ்ஸில் அது மண்டைக்குள் ஓடிட்டே இருந்துச்சு. எங்க வீட்டுல பெரிய அத்தையை 'வாங்க'ன்னுதான் கூப்பிடணும். மாத்திச் சொன்னா முதுகுல விழும். சின்ன அத்தையை மட்டும், நான் மூணு வயசுலேர்ந்து 'வா, போ, நீ'தான். யாருமே தப்புனு சொன்னதில்லை. 2010-ல நம்ம அரசு 'ஊனமுற்றோர்' என்ற பேரை 'மாற்றுத்திறனாளிகள்' என்று மாத்திடுச்சு. எங்க வீட்டில் 'நீ' அப்படியே இருக்கு. இந்தக் கட்டுரையில் அத்தையைப் பத்தி மரியாதையா எழுதறேன் பாருங்க... இது கோவளத்துக்குப் போய் வந்த பிறகு வந்த மரியாதை.

போன வாரம் அருப்புக்கோட்டை போனேன். அத்தை முற்றத்தில் பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. எதிரே உட்கார்ந்து, தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு கேட்டேன். 'அத்தை, நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?'

அத்தை டக்குனு பின்னாடி திரும்பிப் பார்த்தாங்க. யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சுட்டாங்க. யாரும் இல்லை. என்னைப் பார்த்தாங்க. திரும்பவும் கேட்டேன். கையில இருந்த சரத்தைக் கீழே வச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம் ஒரே கேள்வி.

'அங்கன பால்காரர் வருவாரா?'

அப்பா வாசல்படியில் நின்னு கேட்டுட்டு இருந்தார். ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டார். ராத்திரி சாப்பிடும்போது, 'எதிர்வீட்டு அக்கா பகல்ல வந்து கூட இருப்பாங்களானு கேட்டுப் பார்ப்போமா? மாசம் என்ன குடுக்கலாம்?' என்று ஆரம்பிச்சார். சித்தப்பா போனில், 'ராத்திரி யாருண்ணே இருப்பா? ரிஸ்க்கு' என்கிறார். பெரிய அத்தை இன்னும் வாயே திறக்கலை. மூணு மாசம் பார்ப்போம் என்பதுதான் இப்போதைய முடிவு. சரியா வருமா? தெரியலை. கெட்டுப் போன நெத்திலி மாதிரி சில நாள் வரும்னு மட்டும் தெரியும்.

உங்க வீட்டிலும் உங்க தெருவிலும் இப்படி ஒரு சின்ன அத்தையோ, ஒரு மாமாவோ, ஒரு அண்ணனோ இருக்கலாம். அவங்களை என்ன பண்றதுன்னு பேசறதுக்கு முன்னாடி, ஒருவாட்டி அவங்க எதிரே உட்கார்ந்து கேட்டுப் பாருங்களேன். கேட்கும்போது அந்த 'ங்க'வை மறந்துடாதீங்க. அவங்க பின்னாடி திரும்பிப் பார்த்தா, இன்னொரு தடவை கேளுங்க.

நான் தேடி வச்சிருந்த நாலு அட்ரஸ் இன்னும் என் செல்போனில்தான் இருக்கு. அழிக்கலை. அப்பாவிடம் இன்னும் குடுக்கவும் இல்லை.